கிண்டியில் வரைந்த படம்



மீத்தேன் 109.5 டிகிரி, அம்மோனியா 107, தண்ணீர் 104.5 என்று மனப்பாடம் செய்தது நினைவிருக்கிறதா? எலெக்ட்ரான் ஜோடிகள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளி நிற்பதால் வரும் வடிவங்கள் அவை. 1957-இல் கில்லெஸ்பியும் நைஹோமும் இதை விதியாக வகுத்துத் தந்தார்கள்.

ஆயிரக்கணக்கான அணுக்கள் கொண்ட புரதத்துக்கு என்ன வழி? அதைச் சொன்னது அம்பத்தூர், ஆவடிப் பிள்ளைகள் பஸ் ஏறிப் போய்வரும் தூரத்தில் உள்ள கிண்டி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-55-இல், தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் மூன்று இழைச் சுருள் என்றார்கள். அதில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருப்பதாக ரிச்சும் கிரிக்கும் குறை சொன்னார்கள்.

ராமச்சந்திரன் அந்தக் குறையையே கேள்வியாக்கினார்: அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? ஏற்கெனவே வெளிவந்த படிக அமைப்புகளிலிருந்து தூரங்களைத் திரட்டினார். ராமகிருஷ்ணன், சசிசேகரனுடன் 1963-இல் ஒரு வரைபடம் வெளியிட்டார். புரதச் சங்கிலி திரும்பும் இரண்டு கோணங்களில், அணுக்கள் மோதாத இடங்களை மட்டும் அது காட்டும்.

மூவிழைச் சுருள் என்ற கருத்து நிலைத்தது. புதிதாகக் கண்டறியும் புரத வடிவம் சரிதானா என்று உலகமே இன்றும் 'ராமச்சந்திரன் வரைபடத்தில்' வைத்துத்தான் பார்க்கிறது.

உங்கள் பிள்ளைகளின் புத்தகத்தில் அந்தப் படம் வந்தால், நம்ம கிண்டியில் வரைந்தது என்று சொல்லுங்கள். குறை சொன்னவர்களுக்கு எப்படிப் பதில் தர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.