தசையுறையும் கைமுறை மருத்துவமும்

உடலைக் கையால் அழுத்தி நிமிர்த்தும் பழக்கம் மிகத் தொன்மையானது. அப்பழக்கம் நிலைத்திருக்க, அதற்குக் கூறப்படும் காரணம் மட்டும் காலந்தோறும் மாறி வருகின்றது. அமெரிக்க நாட்டில் வளர்ந்த கைமுறைகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1864ஆம் ஆண்டு ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்னும் மருத்துவர் தம் குழந்தைகள் மூவரை மூளையுறைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். அக்கால மருந்துகளில் நம்பிக்கையிழந்த அவர், எலும்பையும் தசையையும் கையால் சீர்செய்து நோய் தீர்க்க முயன்றார். 1874இல் ‘ஆஸ்டியோபதி’ என்னும் தம் முறையை அறிவித்தார். 1892இல் மிசௌரி மாநிலத்துக் கர்க்ஸ்வில் நகரில் அதற்கெனப் பள்ளியும் நிறுவினார். தசைகளைப் போர்த்து நிற்கும் ‘ஃபாசியா’ என்னும் சவ்வுக்கு அவர் பெருஞ்சிறப்பு அளித்தார். அதனைத் தமிழில் தசையுறை எனலாம்.

இவ்வழியை வேறொரு திசையில் வளர்த்தவர் ஐடா ரோல்ஃப் அம்மையார் (1896-1979). 1920இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற இவர், யோகமும் பயின்றவர். ஸ்டில் நோயை நோக்கினார். ரோல்ஃப் உடல் நிற்கும் நிலையை நோக்கினார். தலையும் தோளும் இடுப்பும் காலும் நேர்பட அமைந்தால் புவியீர்ப்பே உடலுக்குத் துணையாகும் என்பது அவர் கொள்கை. தசையுறையைப் பத்து அமர்வுகளில் முறையாக நெகிழ்த்தும் வரிசையை அவர் வகுத்தார். 1971இல் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில் அவர் பெயரால் கழகம் எழுந்தது.

இறுகிய தசையுறை கையழுத்தத்தால் இளகி உருமாறும் என்பது ரோல்ஃப் தந்த விளக்கம். அவர் முறை கடும் வலி தருவதெனப் பெயர் பெற்றிருந்தது. உறையை இளக்க வன்மையான அழுத்தம் வேண்டுமெனின், வலியையும் பொறுத்தே ஆகவேண்டும் அன்றோ?

அவ்விளக்கத்தை அவர் மரபில் வந்தவரே ஆராய்ந்து திருத்தினார். ஜெர்மானியரான ராபர்ட் ஷ்லைப், தசையுறையிலுள்ள நரம்பு முனைகள் தொடுகையை உணர்ந்து தசையிறுக்கத்தைத் தளர்த்துகின்றன என 2003இல் எழுதினார். 2007இல் பாஸ்டன் நகரில் கூடிய முதல் அனைத்துலகத் தசையுறை ஆராய்ச்சி மாநாட்டில் அறிவியலாரும் கைமுறை மருத்துவரும் ஒருங்கு அமர்ந்தனர். தொடையிலும் உள்ளங்காலிலும் உள்ள கெட்டியான உறையை நூற்றில் ஒரு பங்கு உருமாற்றவும் கையின் வலிமை போதாது என 2008இல் ஒரு கணித ஆய்வு காட்டியது.

நரம்பே மறுமொழி தருவதாயின் வன்மை எதற்கு? மெல்ல அழுத்துதலும், நோயாளியையே அசையச் செய்தலும் பொருத்தமாகின்றன. இம்முறைகளின் பயனளவு இன்றும் ஆராயப்பட்டே வருகின்றது. ஒருவர் நலம் பெற்றதனால் மட்டும் மருத்துவர் கூறிய காரணம் மெய்யாகிவிடாது. காரணம் பிழைபட்டிருந்ததனால் தேவையற்ற வலியைப் பொறுத்தவர் பலராயிருக்கலாம். காரணத்தைத் தேடித் திருத்துவதன் பயன் இதனால் விளங்கும்.