சீழ்க்கைக் குடுவைகள், ஆண்டீஸ்

ஈக்வடார், பெரு நாடுகளின் கடலோரத்தில், ஸ்பானியர் வருகைக்கு முன்பு செய்யப்பட்ட ஒலியெழுப்பும் சுடுமண் கலங்கள். பலவற்றில் இரண்டு அறைகள் ஒரு குழாயால் இணைந்திருக்கும். நீர் ஊற்றிச் சாய்த்தால், ஓர் அறையிலிருந்து மற்றொன்றுக்குப் பாயும் நீர் அங்குள்ள காற்றை வெளித்தள்ளும். அக்காற்று சிறிய மண்ணுருண்டை ஒன்றின் துளை விளிம்பில் மோதிச் சீழ்க்கையாக ஒலிக்கும். கழுத்தில் வாய்வைத்து ஊதினாலும் ஒலி பிறக்கும். இவற்றுள் மிகப் பழையவை ஈக்வடாரின் சொர்ரேரா பண்பாட்டைச் சேர்ந்தவை; ஏறத்தாழ கி.மு. 1000 முதல் 300 வரையிலானவை. பின்னர் பெருவின் விக்கூஸ், மோச்சே, சிமூ மக்களும் இன்காக்களும் இவற்றைச் செய்தனர். 1532இல் தொடங்கிய ஸ்பானியப் படையெடுப்புக்குப் பின் இம்மரபு அற்றுப்போனது.

இவை நீர் ஊற்றும் பாத்திரங்களே, காற்று வெளியேற வைத்த துளைதான் தற்செயலாக ஒலித்தது என்று ஒரு கருத்து உண்டு. ஆனால் காற்றுப் போக ஒரு வெறுந்துளை போதும். குயவர்களோ ஊதலைத் தனியே செய்து, பறவை, குரங்கு, மனித உருவங்களின் தலைக்குள்ளோ அருகிலோ பொருத்தினர். ஸ்டீவன் காரெட்டும் டேனியல் ஸ்டாட்னெகோவும் 1977இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச்சேர்க்கிறது. ஒன்பது பண்பாடுகளின் 73 குடுவைகளை அளந்தபோது, ஒரே பண்பாட்டுக் குடுவைகளின் சுருதிகள் நெருங்கியும், பண்பாட்டுக்குப் பண்பாடு வேறுபட்டும் இருந்தன. தற்செயலான ஒலியில் இத்தகைய ஒழுங்கு அமையாது. ஆகவே ஒலியே இக்கலங்களின் நோக்கம்.

அந்த ஒலி சடங்குக்குரியதா? கல்லறைகளில் கிடைத்ததாலேயே அப்படிச் சொல்லிவிட முடியாது. அன்றாடப் பொருள்களும் இறந்தோருடன் புதைக்கப்பட்டன. எனினும் நுணுக்கமான உருவ வேலைப்பாடு, கவனமாக அமைத்த சுருதி, கல்லறையில் இடம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைவதைச் சமையலறைப் பயன்பாடு விளக்காது. மலையிலிருந்து இறங்கும் ஆறுகளை நம்பி வாழ்ந்த பாலைநிலக் கரையில், நீர் அசையும்போது மண்ணுருவம் குரலெழுப்புவது வழிபாட்டுப் பொருளுடையது என்று கொள்வதே பொருந்தும். பல குடுவைகளைச் சேர்த்து ஊதினால் எழும் அதிர்வுகள் மனநிலையை மாற்றும், அதற்காகவே இவை செய்யப்பட்டன என்பது இன்றைய அனுபவத்தைப் பழங்காலத்தின்மேல் ஏற்றுவதாகும். சடங்குக் கருத்து அதை நம்பி நிற்கவில்லை; கலங்களின் அமைப்பே அதற்குப் போதிய சான்று.