‘முதல் பெண்’ என்ற அடைமொழிக்கு அப்பால்: மேரி புன்னன் லூக்கோஸும் திருவிதாங்கூரின் பொதுச் சுகாதாரமும்

திருவிதாங்கூரின் மருத்துவ வரலாற்றில் மேரி புன்னன் லூக்கோஸின் (1886–1976) பெயர் பெரும்பாலும் ‘முதல் பெண்’ என்ற அடைமொழியோடு நின்றுவிடுகிறது. இந்தியாவின் முதல் பெண் சர்ஜன் ஜெனரல், திருவிதாங்கூர் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர் என்னும் பட்டியல் தவறானதன்று. ஆனால், அப்பொறுப்புகளில் இருந்து அவர் செய்தது என்ன என்னும் கேள்வியை அது மறைத்துவிடுகிறது.

கோட்டயத்தை அடுத்த அய்மனத்தில் பிறந்தவர் மேரி. தந்தை டி.இ. புன்னன் அரண்மனை மருத்துவர். திருவிதாங்கூரின் முதல் மருத்துவப் பட்டதாரி. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் அறிவியல் பயில மேரி விரும்பினார்; பெண் என்பதால் இடம் மறுக்கப்பட்டது. வரலாறு பயின்று பட்டம் பெற்றபின் இலண்டன் சென்று, 1915இல் மருத்துவப் பட்டம் பெற்றார். டப்ளினில் மகப்பேறு மருத்துவப் பயிற்சியும் முடித்தார். சென்னை மருத்துவக் கல்லூரி 1875லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். அவருக்கு அடைபட்டது இந்தியாவில் மருத்துவக் கல்வியின் கதவன்று. சொந்த ஊரின் அறிவியல் வகுப்பறைக் கதவு. அதைச் சுற்றிக் கடல் கடந்து செல்லும் வசதி எல்லா வீட்டுப் பெண்களுக்கும் வாய்த்ததில்லை.

1916இல் தாயகம் திரும்பிய அவர், தைக்காடு பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவரானார். கேரளத்தின் முதல் சிசேரியன் அறுவை சிகிச்சையை 1920இல் செய்தவராக அவர் நினைவுகூரப்படுகிறார். எனினும், பெரும்பாலான பிரசவங்கள் வீட்டில், மருத்துவச்சிகளின் கையில் நடந்த காலம் அது. மருத்துவமனைக்குள் ஒருவர் காட்டும் திறமை அவ்வீடுகளை எட்டாது. மருத்துவச்சிகளைப் பகைத்து ஒதுக்குவது எளிய வழியாக இருந்திருக்கும். மேரியோ அவர்களின் பிள்ளைகளுக்கே முறையான பேறுகாலப் பயிற்சி அளிக்கும் திட்டத்தைத் தொடங்கினார். இதனால் அக்குடும்பங்களின் பிழைப்பு கெடவில்லை. ஊரார் அவர்கள்மீது வைத்திருந்த நம்பிக்கை புதிய மருத்துவத்துக்கும் துணையானது. திருவனந்தபுரத்தில் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது 1951இல்தான் என்பதை எண்ணினால், உள்ளூரிலேயே ஆட்களை உருவாக்கும் இம்முடிவின் கொள்கை மதிப்பு விளங்கும்.

சேது லட்சுமி பாயி ஆட்சிப் பொறுப்பேற்ற 1924ஆம் ஆண்டிலேயே மேரி தற்காலிக சர்ஜன் ஜெனரலாக நியமிக்கப்பட்டார். 1938இல் முழுப் பொறுப்பும் வந்தது. 32 அரசு மருத்துவமனைகளும் 40 அரசு மருந்தகங்களும் 20 தனியார் நிறுவனங்களும் அவருடைய மேற்பார்வையில் இருந்தன. நாகர்கோவிலில் காசநோய்ச் சானடோரியம் நிறுவியதும் அவர் முயற்சியே. ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல்தான் கண்டறியப்பட்டது. அதற்கு முன் காசநோய்க்கு ஓய்வும் நல்லுணவும் காற்றோட்டமுமே சிகிச்சை. நெருக்கடியான வீட்டில் இம்மூன்றும் கிட்டா. நோயும் உடனிருப்போருக்குப் பரவும். ஆகவே சானடோரியம் என்பது சிகிச்சைக்கூடம் மட்டுமன்று, தடுப்பு ஏற்பாடும்கூட. ஆசாரிப்பள்ளத்தின் சானடோரிய வளாகத்தில் இன்று கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது.

அமெரிக்காவில் ஒரு பெண் சர்ஜன் ஜெனரலானது 1990இல்தான் என்று ஒப்பிட்டுப் பெருமை கொள்வோர் உண்டு. பெயர் ஒன்றாயினும் பதவிகள் ஒன்றல்ல. அமெரிக்கப் பதவியின் முதன்மைப் பணி நாட்டு மக்களுக்குச் சுகாதார அறிவுரை வழங்குவது. மேரியுடையதோ மருத்துவமனைகளை நேரடியாக நடத்தும் துறைத் தலைமை. அந்த வேறுபாட்டில்தான் அவருடைய பணியின் கனம் இருக்கிறது.

கேரளத்தின் சுகாதார மேன்மைக்கு அரண்மனையின் ஆதரவையும், மிஷனரிகளின் தொண்டையும், 1957க்குப் பிந்தைய அரசுகளின் திட்டங்களையும் காரணமாகச் சொல்வது வழக்கம். மூன்றும் உண்மையே. ஆயினும் ஆணை, செயலாவதற்கு நடுவில் ஒரு துறை உழைக்க வேண்டும்; அத்துறைக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு மருத்துவச்சியின் மகள் நடக்க வேண்டும். 1975இல் மேரிக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. மறு ஆண்டு அவர் மறைந்தார். விருது அவர் பெயருக்குரியது. வரலாறு அந்த மகள்களையும் சேர்த்தே எழுதப்பட வேண்டும்.