தையலா, பின்னா, பசையா?



மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் ஓய்வில் இருக்கிறேன். நலம்தான், கவலை வேண்டாம். கட்டு மாற்றும்போது எட்டிப் பார்த்த பேத்தி, "தாத்தா, பரீட்சைப் பேப்பருக்கு அடிக்கிற மாதிரி பின் அடிச்சிருக்காங்க!" என்றாள். உண்மைதான். முழங்கால் நெடுக உலோகப் பின்கள். படுத்துக் கிடப்பவனுக்கு வேறென்ன வேலை? வாத்தியார் புத்தி, இதன் வரலாற்றைப் படிக்க உட்கார்ந்துவிட்டேன்.

காயத்தைத் தைப்பது நம் மண்ணுக்குப் பழைய சங்கதி. பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில், சேரன் செங்குட்டுவனின் வீரர்களைப் பாடுகிறார் பரணர். குளத்தில் மீனுக்காக மூழ்கி எழும் மீன்கொத்தியைப் போல, நீண்ட வெள்ளூசி மார்புக் காயத்தில் புகுந்து வெளிவந்ததாம். வகுப்பில் எத்தனையோ முறை சொன்ன உவமை. என் காலில் பின் ஏறிய பிறகுதான் அது எனக்கு வலித்தது!

சுசுருத சம்ஹிதை, தைக்கும் நூல்களையும் ஊசி வகைகளையும் வரிசைப்படுத்துகிறது. கிழிந்த குடலின் விளிம்புகளைப் பெரிய எறும்புகளைக் கடிக்கவிட்டு இணைத்து, உடலைக் கிள்ளிவிட்டுத் தலையை மட்டும் விட்டுவைக்கும் முறையும் அதில் உண்டு. இன்றைய பின்னுக்கு எறும்புதான் பாட்டன் என்று சொல்லலாம். அதே நூல் இன்னொன்றும் சொல்கிறது: தைப்பதற்கு முன் காயத்திலுள்ள மண், முடி, எலும்புத் துணுக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சீழ் பிடிக்கும்.

கிருமி என்பதே தெரியாத காலத்தில் எழுதியது! அந்தக் கிருமியைக் கணக்கில் எடுத்து வைத்தியம் செய்தவர் ஜோசப் லிஸ்டர். 1865-இல் கிளாஸ்கோ நகரில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்து புண்ணான 11 வயதுச் சிறுவனுக்குக் கார்பாலிக் அமிலம் நனைத்த கட்டுப் போட்டார். சீழ் பிடிக்கவில்லை, கால் பிழைத்தது. பிறகு ஆட்டுக்குடலில் செய்யும் 'கேட்கட்' நூலையும் அதே அமிலத்தில் ஊறவைத்துப் பயன்படுத்தினார்.

1908-இல் புடாபெஸ்டில் ஹ்யூமர் ஹுல்ட்ல் என்ற மருத்துவர் பின் அடிக்கும் கருவியைக் கொண்டுவந்தார். அது இரைப்பைக்காக. எடை ஏறக்குறைய 3.5 கிலோ! தோலுக்குப் பின் அடிக்கும் கைக்கடக்கமான கருவிகள் பின்னால் வந்தவை. பசையின் கதை இன்னும் வேடிக்கை. 1942-இல் ஹாரி கூவர் என்ற அமெரிக்க வேதியியலாளர், துப்பாக்கிக் குறிகாட்டிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது, தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்ட பொருளைத் தொல்லை என்று ஒதுக்கினார். அந்த வகைப் பசைதான் வியட்நாம் போரில் இரத்தப்போக்கை நிறுத்தத் தெளிக்கப்பட்டது. தோலுக்கு ஏற்றபடி மாற்றிய பசைக்கு 1998-இல் அமெரிக்க அரசு ஒப்புதல் தந்தது.

சரி, எது சிறந்தது? பின் வேகமானது. ஆனால் எலும்பு அறுவைகளில் பின் போட்டவர்களுக்குத் தையலைவிட 3 மடங்கு தொற்று அபாயம் என்று 2010-இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழ் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது. பசைக்கு ஊசிக்குத்து இல்லை, பிரிக்கும் வேலையும் இல்லை. ஆனால் இழுவிசை உள்ள இடத்தில் பிளக்கக்கூடும். தையல் நேரம் பிடிக்கும், பிடிமானம் அதிகம். இடத்துக்கு ஏற்றது எது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். மூன்றுக்கும் பொது விதி ஒன்றே: காயம் சுத்தமாக இருந்தால்தான் மூடலாம்.

இதை எழுதக் காரணம் என் பிழை ஒன்று. 1986-இல் கபடி ஆடும்போது எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு முழங்கால் கிழிந்தது. நான் டீக்கடையில் காபித்தூள் வாங்கி அப்பி, துணி சுற்றி வீட்டுக்கு அனுப்பினேன். எல்லோரும் அப்படித்தானே செய்தோம்! மூன்றாம் நாள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். "சார், உள்ளே மண்ணும் காபித்தூளும் சீழுமா இருக்கு. இனி தைக்க முடியாது, திறந்தே வச்சுதான் ஆற்றணும்" என்றார் டாக்டர். ஆற இரண்டு மாதமானது. அவன் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

தம்பி, இதைப் படித்தால் உனக்குத் தெரியும், நீதான் என்று. சார் தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துவிடு.

மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம்: காயம் பட்டால் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள், அன்றே மருத்துவரிடம் போங்கள். காபித்தூள் டம்ளரில் மட்டும் இருக்கட்டும்.

வாழ்க நலமுடன்.