கள்ள உறுதியும் கள்ளக் கணக்கும்: பூநகரியில் ஆளை அறிதலின் வரலாறு

2003 செப்டெம்பரில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. முந்தைய ஓராண்டுக்குள் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடி அமெரிக்கர்களின் பெயரையோ வங்கிக் கணக்கையோ வேறு யாரோ களவாகப் பயன்படுத்தியிருந்தார்கள் என்றது அது. அதே 2003இல் இலங்கையின் வடபகுதியிலுள்ள பூநகரியில் எத்தனை பேர் வாழ்ந்தார்கள் என்பதற்கே ஒழுங்கான தொகைமதிப்பு இல்லை. 1981இல் எண்ணியதோடு சரி. 1991இல் நாட்டில் எங்குமே தொகைமதிப்பு நடக்கவில்லை. 2001இல் நடந்தபோது கிளிநொச்சி மாவட்டத்துக்குள் கணக்கெடுப்பாளர் போக முடியவில்லை. அடுத்த தொகைமதிப்பு 2012இல். போர் முடிந்த கையோடு நடந்த 2009/10 குடித்தன வருமான, செலவின ஆய்வும் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை விட்டுவிட்டுத்தான் நடந்தது. ஆக, அடையாளத் திருட்டு என்ற சொல் உலகப் புள்ளிவிவரங்களில் இடம்பிடித்த ஆண்டுகளில் பூநகரி இந்த அட்டவணைகள் எதிலும் இல்லை.

அதற்காக இங்கே திருடப்பட அடையாளம் இருக்கவில்லை என்று ஆகிவிடாது. இணையக்குற்றம் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் கணினியிலிருந்து கதையைத் தொடங்குகின்றன. வடபகுதியைப் பொறுத்தவரை காணியிலிருந்து தொடங்குவதே முறை என்று நான் கருதுகிறேன். இங்கே ஒருவர் இன்னொருவராக நடிப்பதற்கு மிகப் பழைய காரணம் காணிதான்.

யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1706–07இல் தொகுத்த தேசவழமைச் சட்டத்தில் காணி விற்பனை பற்றி ஒரு குறிப்பு உண்டு. விற்க நினைப்பவர் தம் எண்ணத்தைத் தமது தேவாலயத்தில் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அறிவித்தாக வேண்டும் என்று 1704இல் ஒல்லாந்தர் உத்தரவிட்டதை அது சொல்கிறது. உரித்தாளர், பங்காளி, அயல் காணிக்காரர் தம் முன்னுரிமையைக் கோருவதற்கான ஏற்பாடு அது. ஆனால் அது செய்த இன்னொரு வேலையையும் கவனிக்கவேண்டும். மூன்று வாரம் ஊர் முழுக்கக் காதில் விழுந்த ஒரு விற்பனையில் வேறொருவர் உரிமையாளராக வந்து நிற்பது எளிதல்ல. அன்றைய பாதுகாப்பு முத்திரையில் இல்லை, ஊரின் காதில் இருந்தது.

ஆங்கிலேயர் காலத்தில் அந்தப் பாதுகாப்பு தாளுக்கு மாறியது. 1840இன் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் பெயரே மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம்தான். பிரசித்த நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகள் கூட நிற்க, எழுத்தில் ஒப்பமிடாத காணிக் கைமாற்றம் செல்லாது என்றது அது. 1907ஆம் ஆண்டு நொத்தாரிசுக் கட்டளைச் சட்டமும் பழைய வழியை முற்றாகக் கைவிடவில்லை: ஒப்பமிடுபவரை நொத்தாரிசு தாமே அறிந்திருக்கவேண்டும், அல்லது சாட்சிகள் இருவராவது அறிந்திருக்கவேண்டும். கள்ள உறுதி எழுதுபவர்கள் தட்டுகிற கதவும் இதுதான். முத்திரையும் தாளும் உண்மையாகவே இருக்கும். ‘இவரை எனக்குத் தெரியும்’ என்று சாட்சி சொன்னதுதான் பொய்யாக இருக்கும். 1883இன் தண்டனைச் சட்டக்கோவை ஆள்மாறாட்ட வஞ்சனைக்கு ஒரு விளக்கம் தந்தது. நடிக்கப்பட்ட ஆள் உண்மையில் இருந்தவரா, கற்பனை ஆளா என்பது பொருட்டல்ல, இரண்டும் குற்றமே. இல்லவே இல்லாத ஒருத்தியின் பெயரில் முகநூல் கணக்குத் திறந்து வஞ்சிப்பவருக்கும் இந்த விளக்கம் பொருந்தும் என்பதைப் பார்க்கும்போது அந்தப் பழைய வரைஞர்கள் மீது மரியாதை வருகிறது.

1968இன் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்படி 1972இலிருந்து தேசிய அடையாள அட்டை வந்தது. ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அதோடு 500 கூட்டப்படும். அதாவது ஒருத்தியின் பிறந்தநாள் தெரிந்தவருக்கு அவர் அட்டையின் முதல் ஐந்து இலக்கமும் தெரியும். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்கத்திலும் இதே அமைப்புத்தான். ஆண்டு நான்கு இலக்கமாக நீண்டது, வரிசை எண்ணில் ஓர் இலக்கம் கூடியது, கடைசி எழுத்து விடுபட்டது. ஆளைச் சுட்டுவதற்காக ஆன இலக்கம் இது. ஒளித்து வைப்பதற்காக ஆனதல்ல. இன்று அதையே கேட்டு ஆளை உறுதிசெய்கிற வழக்கம் எப்படி வந்தது என்பது தனியே ஆராயத்தக்கது.

ஊரின் காது, தாள் என்ற இந்த இரண்டு ஏற்பாட்டையும் போர் சேர்த்தே குலைத்தது. 2008 நவம்பரில் பூநகரி இராணுவத்தின் கைக்குப் போனபோது சனம் ஏற்கெனவே கிழக்கே நகர்ந்துவிட்டது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணிப் போமிட், உறுதி எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போனார்கள்; பை தப்பியவர்களும் உண்டு, பையும் போனவர்களும் உண்டு. 2009 இறுதியிலும் 2010இலும் மீளக் குடியேறியபோது நடமாடும் சேவைகளில் வரிசையில் நின்று பெற்றவை பிரதிகளும் உத்தேச வயதுச் சான்றிதழ்களும். தாள் ஒருவாறு திரும்பியது, அயல் திரும்பவில்லை. பக்கத்துக் காணிக்காரர் கனடாவில், மற்றவர் பிரான்சில், வேலி யாருடையது என்று சொல்லத்தக்க கிழவர் உயிரோடில்லை. அற்றோணித் தத்துவம் ஒன்றைக் காட்டி வருபவரை மறுத்துச் சொல்ல ஆள் இல்லாத நிலை அது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை நீதிமன்றம் போகமுடியாதிருந்தவர்களுக்குப் காணியைப் பத்து வருசம் ஆண்டவருக்கே உரித்து என்ற கணக்கில் சலுகை தர 2016இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது.

இந்த இடைவெளிக்குள்தான் கைபேசி வந்தது. ஒழுங்காகப் பதியப்பட்ட உறுதி கைக்கு வருமுன்பே பல வீடுகளில் தொலைபேசி இலக்கம் வந்துவிட்டது. அந்த இலக்கமே வங்கிக்கும் வெளிநாட்டு உறவுக்கும் ஆளின் அடையாளமாயிற்று. சட்டங்கள் கொழும்பில் ஒவ்வொன்றாக வந்துகொண்டுதான் இருந்தன: 2007இன் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், 2015இல் புடாபெஸ்ட் சமவாயத்தில் இணைந்தமை, 2022இன் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், இணையவழி ஆள்மாறாட்டத்தைப் பெயர் சொல்லிக் குற்றமாக்கிய, பேச்சுரிமைக்குப் பங்கம் என்று கடும் கண்டனத்துக்கும் ஆளான 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம். பூநகரியில் நான் பார்த்தது வேறு. ஒரு கொமினிக்கேசன் கடையில், பிழைத்துப்போன போட்டோக்கொப்பித் தாள்கள் மேசைக்குக் கீழே ஒரு பிஸ்கற் பெட்டியில் கிடந்தன. என் மீதிக் காசுக் கணக்கை முதலாளி எழுதித் தந்த துண்டின் மறுபுறத்தில் யாரோ ஒரு அம்மாவின் அடையாள அட்டை, முகம் சற்றுக் கறுத்து, இலக்கம் மட்டும் தெளிவாக இருந்தது.

இனி, அளவை ஆய்வுகளுக்கு வருவோம். அமெரிக்காவின் பியூ ஆய்வு நிறுவனம் 2002இல் கேட்டபோது இணையப் பயனர்களில் 22 வீதத்தினர் தம் பெயரைத் தேடிப் பார்த்திருந்தார்கள். 2010 அறிக்கையில் அது 57 வீதம். இணையத்தில் தம் பேர் எப்படி இருக்கிறது என்ற கவலையின் அளவுகோலாக அது கொள்ளப்பட்டது. இதே கேள்வியை இங்கே கேட்டால் என்னவாகும்? பிறப்புச் சான்றிதழில் ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, கடவுச்சீட்டில் மூன்றாவது. ஊருக்கே பூநகரி, பூனெரின் என்று இரண்டு பெயர். தேடி ஒன்றும் வராதது நற்பெயருக்குச் சான்றாகாது.

இழப்பை அளப்பது இன்னும் வில்லங்கம். ஹேர்லி, ஃப்ளொரென்சியோ என்ற ஆய்வாளர்கள் 2011இல் காட்டியபடி, 1,000 பேரிடம் நடத்திய ஆய்வில் ஒரேயொருவர் 50,000 டொலர் இழந்தேன் என்று சொன்னாலே, 20 கோடி மக்களுக்கு விரிக்கும்போது அது 1,000 கோடி டொலர் இழப்பாகிவிடும். இங்கிலாந்து, வேல்ஸ் குற்ற அளவையில் மோசடிக் கேள்விகளே 2015 ஒக்டோபரில்தான் சேர்க்கப்பட்டன. சேர்த்ததும் குற்றத் தொகை கிட்டத்தட்ட இரட்டித்தது. கூடியது குற்றமல்ல, கேள்வி.

இந்த அளவைகள் எல்லாம் ஒரு தனியாளிடம் ‘உங்களுக்கு நடந்ததா’ என்றே கேட்கின்றன. பூநகரியில் பெயரை இழப்பவர் ஒருவர், காசை இழப்பவர் இன்னொருவர். நமக்கு நாணயம் என்ற ஒரே சொல் இரண்டுக்கும் உண்டு; அளவைப் படிவத்தில் அவற்றுக்கு வெவ்வேறு நாடு.

கரையோரத்துக் கத்தோலிக்க ஊர் ஒன்றில் ஒரு பெண் ஆறு இலக்கக் குறியீடொன்றை, நிவாரணப் பதிவுக்கென்று கேட்ட குரலிடம் வாசித்துக் காட்டினார். அன்று பின்னேரம் அவருடைய வாட்ஸ்அப் அவரிடம் இல்லை. ‘அவசரம், இந்தக் கணக்குக்குப் போடுங்கோ’ என்ற செய்தி வெளிநாட்டு உறவுகள் எல்லோருக்கும் போனது. ரொறன்ரோவில் ஒரு மருமகள் போட்டுவிட்டாள். பாரிசில் இருந்த பெறாமகன் போடவில்லை. ஏன் என்று பிறகு கேட்டபோது அவன் சொன்னது: “சித்தி ஒருநாளும் எழுத மாட்டா, பேசித்தான் அனுப்புவா.”

ரொறன்ரோ இழப்பு கனடாவில் பதியப்பட்டிருக்கலாம். சித்தியின் இழப்பு எங்கும் பதியப்படவில்லை. அந்த ஞாயிறு பூசை முடிவில், திருமண ஓலைகளும் சிரமதான அறிவித்தலும் வாசித்தபின், இந்தப் பழைய இலக்கத்திலிருந்து வருகிற செய்தி இன்னாருடையதல்ல என்று சுவாமி வாசித்தார். அடுத்த ஞாயிறும் வாசிக்கச் சொல்லிச் சித்தி கேட்டுக்கொண்டார்.