கணிப்பும் கடலோரமும்: சிலாவத்துறையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

இரண்டாம் உலக மகாயுத்தம் பற்றிய வரலாறுகள் விமானிகளையும் தளபதிகளையும் பெரிதும் பேசுவன. குண்டுவீச்சு விமானத்துக்கு வழி கணித்துக் கொடுத்த ‘நவிகேட்டர்’ அவற்றில் அரிதாகவே இடம்பெறுகின்றார். அவரது பணியை மன்னார்க் கரையிலுள்ள சிலாவத்துறையிலிருந்து நோக்க முற்படுகின்றோம். அக்கணிப்பு இக்கரைக்குப் புதியதன்று.

சிலாபம் என்பது முத்துக்குளிப்பு. ஊர்ப்பெயரே தொழிலைச் சொல்கின்றது. கடலடியில் மறைந்து கிடக்கும் முத்துச்சிப்பிப் பார்களைத் திசை, தூரம், நீரோட்டம் ஆகியவற்றைக் கொண்டே கண்டறிய வேண்டியிருந்தது. அரிப்பில் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் கட்டுவித்த மாளிகை கடலோடிகளுக்கு அடையாளக் குறியாயிற்று. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் அரசாங்கம் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா ஈட்டியது. மூச்சடக்கி மூழ்கிய குளிகாரருக்கோ எடுத்த சிப்பியில் மூன்றிலொரு பங்கே கிடைத்தது.

யுத்தகால நவிகேட்டரும் காற்றின் வேகம், திசை, கடந்த நேரம் என்பவற்றிலிருந்தே தம் இடத்தைக் கணித்தார். இது எளிதன்று. இலக்கைத் தாக்கியதாகக் கூறிய விமானங்களுள் மூன்றிலொன்றே அதன் ஐந்து மைல் எல்லைக்குள் சென்றதென 1941இன் பட் அறிக்கை காட்டிற்று. ‘ஜீ’ என்ற வானொலிக் கருவியும் ‘எச்.டூ.எஸ்.’ என்ற ராடரும் பின்னரே துணைக்கு வந்தன. ஏறத்தாழ 1,25,000 பேர் பறந்த பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையில் 55,573 பேர் மாண்டனர். கீழே ஜேர்மன் நகரங்களில் மடிந்த குடிமக்களோ இலட்சக்கணக்கினர். திரைக்குப் பின்னே, சிறு விளக்கொளியில் வரைபடத்துடன் அமர்ந்திருந்தவர் அவர்களைக் காணவில்லை.

இப்படையில் நவிகேட்டராகப் பணியாற்றி இருமுறை டி.எப்.சி. விருது பெற்றவர் இலங்கையரான றொஹான் அமரசேகர. ஐரோப்பிய வம்சத்தவர்க்கே அதிகாரிப் பதவி என்ற நிறத்தடை 1939 ஒக்டோபரில் நீக்கப்பட்டது. அதனை நீக்கியது சமத்துவ உணர்வன்று, யுத்தத்தின் ஆட்தேவையே எனலாம். 1951இல் தோன்றிய இலங்கை விமானப்படைக்கு 1962 வரை பிரித்தானியரே தலைமை தாங்கினர். அவ்வாண்டில் அமரசேகர அதன் முதல் இலங்கைத் தளபதியானார். அவரது ஆற்றல் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆயின் அவ்வாற்றல் எவ்விலக்கை நோக்கிச் செல்வது என்பதை அவர் தீர்மானிக்கவில்லை. பாரைக் கண்டறிந்த கடலோடியின் நிலையும் இதுவே.

தலைமை சுதேசமயமானதால் இக்கேள்வி தீர்ந்துவிடவில்லை. அமரசேகர ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகளின் பின், 2007 ஜனவரி 2இல், சிலாவத்துறைக்கு வடக்கே இதே மன்னார் மாவட்டத்து இலுப்பைக்கடவைப் படகுத்துறையில் விமானப்படை குண்டுவீசியது. அது கடற்புலிகளின் தளம் என்றது அரசாங்கம். இறந்தோர் குடிமக்கள் என்றார் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு. வரைபடத்தில் ஒரு புள்ளி. கரையில் ஒரு மீனவக் குடியிருப்பு.

எனவே நவிகேட்டரின் வீரத்தை மாத்திரம் பதிவுசெய்வது முழுமையான வரலாறாகாது. கணித்தவர் யார், இலக்கை விதித்தவர் யார், அவ்விலக்கில் வாழ்ந்தவர் யார் ஆகிய மூன்றையும் ஒருசேர வினவுவதே வரலாற்றாய்வாளரின் கடமையென நாம் கருதுகின்றோம்.