டயர் ஏன் கறுப்பு? ஒரு பாலிஷ் பாட்டிலின் பின்கதை

போன மாசம் அப்பாவுக்காக ஒரு செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போயிருந்தோம். டேஷ்போர்டு கண்ணாடி மாதிரி மின்னுது, டயர் எல்லாம் கன்னங்கரேல்னு இருக்கு. எனக்கு உடனே பிடிச்சுப் போச்சு. அப்பா மட்டும் குனிஞ்சு டயரைத் தொட்டார். விரல்ல பிசுபிசுன்னு எண்ணெய். கர்சீப்பால துடைச்சா, உள்ளே முடி மாதிரி மெல்லிய வெடிப்புகள். பக்கத்துல நாலு இலக்கம்: 2214. அதாவது 2014-ஆம் வருஷம், 22-வது வாரம் தயாரான டயர். பேசாம கிளம்பி வந்துட்டோம்.

அப்போ அந்தப் பாலிஷ் எதைக் காப்பாத்துச்சு? டயரையா, விற்கிறவரையா?

கொஞ்சம் பின்னாடி போவோம். மரத்துல இருந்து வர்ற ரப்பர் வெயில்ல ஒட்டும், குளிர்ல விறைச்சுப் போகும். 1839-இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடாக்கினா அது நிலையா நிக்கும்னு கண்டுபிடிச்சார். 1844-இல் காப்புரிமை. ஆனா ஆரம்ப கால டயர்கள் கறுப்பே இல்ல, வெளிர் நிறம். 1904-இல் லண்டன் சில்வர்டவுன்ல எஸ்.சி. மோட் என்பவர், கார்பன் பிளாக், அதாவது நுண்ணிய கரித்தூள், சேர்த்தா ரப்பர் ரொம்ப வலுவாகுதுன்னு பார்த்தார். 1910-களில் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனம் இதை டயருக்குக் கொண்டுவந்துச்சு. கரித்தூள் சப்ளை பண்ணினது யார் தெரியுமா? கிரயோலா கிரேயான் செய்த அதே பின்னி அண்ட் ஸ்மித்! டயரோட கறுப்பு அழகுக்காக வந்தது இல்ல. அதுதான் டயரோட பலம். புற ஊதாக் கதிரையும் அந்தக் கரியே உறிஞ்சிக்கும்.

இன்னொரு எதிரி, காத்துல இருக்கிற ஓசோன். அது ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியை நேரடியா வெட்டும். அதனால தயாரிக்கும்போதே உள்ளே மெழுகும், 6-பிபிடி மாதிரி ஒரு வேதிப்பொருளும் கலந்துடறாங்க. டயர் உருண்டு வளையும்போது இது மெல்ல மெல்ல மேல்பரப்புக்கு வரும். ரப்பரை ஓசோன் தொடறதுக்கு முன்னாடி இது போய் அடி வாங்கிக்கும். அப்படி அடி வாங்கினதோட அடையாளம்தான் டயர் ஓரத்துல வர்ற பழுப்பு நிறம். நாம அதை அழுக்குன்னு நினைச்சுத் தேய்க்கிறோம். மாசக்கணக்கா ஓடாம நிக்கிற வண்டியோட டயர் சீக்கிரம் வெடிக்கிறதுக்கும் இது ஒரு காரணம். வளையாத டயர்ல காவலாளி சரியா வெளியே வர்றதில்ல.

இப்போ காருக்குள்ள போவோம். அதே குட்ரிச்ல 1926-இல் வால்டோ செமன், விறைப்பான பிவிசியை மென்மையாக்கும் வழியைக் கண்டுபிடிச்சார். பின்னாடி பல கார்களோட டேஷ்போர்டு உறை அந்தப் பொருள்லதான் வந்துச்சு. பிரச்சினை என்னன்னா, மென்மையாக்கின பொருள் வெயில்ல கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகும். விண்ட்ஷீல்டோட உள்பக்கம் படியிற மங்கலான படலத்துல அதுவும் இருக்கு. நாளாக ஆக உறை விறைச்சு வெடிக்கும்.

இந்தக் கவலைக்கு மருந்தா வந்ததுதான் ஆர்மர் ஆல். 1972-இல் ஆலன் ரிப்பின்ஸ்கி அதை பிராண்டாக்கி விற்க ஆரம்பிச்சார். 1979-இல் மெக்கெசன் நிறுவனம் வாங்கிக்கிச்சு. சரக்கு என்ன? தண்ணியில கலந்த சிலிக்கோன் எண்ணெய். அது மேலே ஒரு படலம் போடும், பளபளன்னு காட்டும். ஆவியான பொருளைத் திருப்பி உள்ளே வைக்காது.

சரி, எதை வாங்கலாம்? தண்ணி அடிப்படையிலான, பால் மாதிரி இருக்கிற பாட்டிலை எடுங்க. பெட்ரோலிய கரைப்பான் கலந்தது வேண்டாம். டீசல், மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கிறது அதைவிட மோசம்: ரப்பர் ஊதிப்போகும், உள்ளே இருக்கிற மெழுகும் கரைஞ்சு வெளியேறும். டேஷ்போர்டுக்கு மேட் ஃபினிஷ், புற ஊதாத் தடுப்பு உள்ளது. மினுமினுப்பு விண்ட்ஷீல்டுல பிரதிபலிச்சுக் கண்ணைக் கூசும். வெளுத்துப்போன பம்பர் பிளாஸ்டிக்கோட மேலடுக்கு ஏற்கெனவே சிதைஞ்சாச்சு. எண்ணெய் அதை நாலு மழை வரைக்கும் மறைக்கும், அவ்வளவுதான். துணியில ஊத்தித் துடைங்க, நேரா ஸ்ப்ரே அடிக்காதீங்க. ஸ்டீயரிங், பெடல், டயர் தரையைத் தொடும் பகுதி, பைக் சீட், இந்த நாலுலயும் படவே கூடாது. வழுக்கும்.

அந்த உள் காவலாளிக்கும் ஒரு விலை இருக்கு. 6-பிபிடி ஓசோனோட சேர்ந்து உருவாகும் ஒரு பொருள், டயர் தேயும்போது மழைநீர்ல கலந்து, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஓடைகள்ல கோஹோ சால்மன் மீன்களைக் கொல்லுதுன்னு 2020-இல் ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சாங்க. மாற்று தேடிக்கிட்டு இருக்காங்க.

நாங்க இன்னும் கார் வாங்கல. ஆனா இப்போ எந்தக் காரைப் பார்க்கப் போனாலும், அப்பா பாக்கெட்ல ஒரு பழைய துணி இருக்கும். முதல்ல துடைப்பார், அப்புறம் அந்த நாலு இலக்கத்தைப் படிப்பார். விலை பேசுறது அதுக்கு அப்புறம்தான்.